கூட யார் வந்திருக்கீங்க? – சுகாதாரத் தொடர்பியலை முதுகலையில் படிப்பது பற்றி



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் முதல் கால் மணி நேரம் நன்றி சொல்வதிலேயே போய்விடும். அழைப்பிதழில் உள்ள அத்தனை பெயர்களுக்கும் ஒரே மூச்சில் நன்றி சொல்லிவிட்டுப் பொருளுக்கு வருகிறேன்.

சுகாதாரத் தொடர்பியல் படிக்க வருகிறவர்களிடம், இதைப் படித்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: விழிப்புணர்வு. விழிப்புணர்வுக் குறும்படம், விழிப்புணர்வுப் பேரணி, இப்போது விழிப்புணர்வு ரீல்ஸ். மக்களுக்குத் தெரியவில்லை, நமக்குத் தெரியும், தெரிந்ததை நன்றாக எடுத்துச் சொன்னால் மாறிவிடுவார்கள் என்ற நம்பிக்கை அந்தப் பதிலுக்கு அடியில் இருக்கிறது. பாடத்திட்டங்களும் அந்த நம்பிக்கையில்தான் எழுதப்படுகின்றன. குறும்படம் எடுக்க இரண்டு ஆண்டு முதுகலை தேவையில்லை. ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு போதும். முதுகலையில் உட்கார்ந்து படிக்க வேண்டியது பேச்சை. நோயைப் பற்றி மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், அந்தப் பேச்சு எங்கே அறுந்துபோகிறது என்பதை. அதிலும் நம் ஊரில் மருத்துவரும் நோயாளியும் தனியாகப் பேசிக்கொள்வது அபூர்வம். கூட ஒருவர் வந்திருப்பார். அந்தக் கூட வந்தவரைக் கணக்கில் கொள்ளாத எந்தப் பாடமும் இங்கே அரைப் பாடம்தான். நான் சொல்ல வந்தது இவ்வளவே. மற்றதெல்லாம் இதற்கான சான்றுகள்.

இந்தத் துறையில் எல்லோரும் படிக்கும் பழைய கதை ஒன்று பெரு நாட்டிலிருந்து வருகிறது. எட்வர்ட் வெல்லின் 1955இல் எழுதிய ஆய்வு அது. எவரெட் ரோஜர்ஸ் 1962இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலில் எடுத்தாண்டதால் உலகம் முழுக்கப் பரவியது. லாஸ் மோலினாஸ் என்ற சிற்றூரில் சுமார் 200 குடும்பங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று சொல்ல நெலிடா என்ற சுகாதாரப் பணியாளர் இரண்டு ஆண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். வழிக்கு வந்தவை 11 குடும்பங்கள்.

ஏன் என்று பார்த்தால், அந்த ஊரில் ஒவ்வொரு பண்டத்துக்கும் இயல்பாகவே சூடு, குளிர்ச்சி என்று குணம் உண்டு. கொதித்த தண்ணீர் நோயாளிக்கு உரியது. உடம்பு நன்றாக இருக்கிறவர் அதைக் குடிப்பது பொருத்தமில்லை. இதை நம் மாணவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. பப்பாளி சூடு, இளநீர் குளிர்ச்சி என்று கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் என்னை நிறுத்தி யோசிக்கவைப்பது அந்த ஊர்ப் பெண் ஒருவர் கிருமியைப் பற்றி எழுப்பிய சந்தேகம். கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது என்றால், இத்தனை பெரிய ஆளை அது என்ன செய்துவிட முடியும்? தண்ணீருக்குள் எப்படி மூச்சுவிட்டுப் பிழைத்திருக்கும்?

அருமையான கேள்வி. எந்த உயிரியல் வகுப்பிலும் அதைக் கேட்ட பிள்ளையைப் பாராட்டுவோம். ரோஜர்ஸ் இந்தக் கதையைப் புதுமை பரவாமல் போனதற்கு உதாரணமாகப் படித்தார். நெலிடா ஊரில் செல்வாக்குள்ள குடும்பங்களை விட்டுவிட்டு ஒதுங்கியிருந்தவர்களைத் தேடிப்போனார் என்றும் காரணம் சொன்னார். அது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தப் பெண்ணின் கேள்வியைத் தடை என்ற தலைப்பின் கீழ் குறித்துக்கொண்டு போனதுதான் பெரிய இழப்பு என்று எனக்குப் படுகிறது. தடை என்று எழுதியதும் அதை உடைப்பது எப்படி என்றுதான் புத்தி போகும். கேள்வி என்று எழுதியிருந்தால் பதில் தேட வேண்டியிருந்திருக்கும்.

நம் ஊருக்கு வருவோம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய இடங்களில் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகள் எல்லோருக்கும், முன்பு போட்டிருந்தாலும் மறுபடியும். தமிழ்நாட்டில் வாட்ஸ்அப்பில் புரளி கிளம்பியது. பெற்றோர் பலர் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்கினார்கள். பிப்ரவரி இறுதியில் முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கு நீட்டிக்க வேண்டியிருந்தது.

அப்போது எல்லோரும் புரளியைத் திட்டினார்கள். திட்ட வேண்டியதுதான். ஆனால் புரளிக்குக் கீழே நியாயமான ஒரு கேள்வி இருந்தது: ஏற்கெனவே போட்ட பிள்ளைக்கு மறுபடி எதற்கு? இதற்குத் தெளிவான பதில் உண்டு. முன்பு போட்டதில் சிலருக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகாமல் போயிருக்கும். ஒரே வீச்சில் எல்லோருக்கும் போட்டால் கிருமி பரவ வழி அடைபடும். மறுபடி போடுவதால் கெடுதல் இல்லை. இதை இரண்டு நிமிடத்தில் சொல்லலாம். ஆனால் கேட்கிறவர் எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தால்தான் சொல்ல முடியும். பள்ளியிலிருந்து பிள்ளையின் கையில் ஒரு தாள் வந்தால் அந்தத் தாளிடம் யார் கேள்வி கேட்பது? அப்பா வாட்ஸ்அப்பில் கேட்டார். அங்கே பதில் சொல்ல ஆள் தயாராக இருந்தது.

விளம்பரமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' நினைவிருக்கும். 2000களின் தொடக்கத்தில் சென்னைச் சுவர்களில் வேறெந்த விவரமும் இல்லாமல் அந்தக் கேள்வி மட்டும் நின்றது. டீக்கடையில், பேருந்தில், கல்லூரி விடுதியில் ஊரே பேசியது. எய்ட்ஸ் என்ற சொல்லை வாயால் உச்சரிக்கத் தயங்கிய நாட்கள் அவை. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்து பல வருடம் ஆகியும் அதுதான் நிலைமை. ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்ததால்தான் ஊர் பேசியது. ராஜா என்று பெயர் வைத்திருந்தவர்கள் பட்ட பாடும், தொற்றோடு வாழ்ந்தவர்களின் மேல் விழுந்த பார்வையும் தனிக் கதை. அதையும் சேர்த்து எழுதும் ஆய்வேடு ஒன்றை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

உரையாடல் என்ற சொல்லை இப்போது எல்லோரும் புழங்குகிறார்கள். எது உரையாடல் என்று சோதிக்க என்னிடம் ஒரே அளவுகோல்தான்: சொல்ல வந்தவர் தரப்பிலும் ஏதாவது மாறியதா? 2014 முதல் 2016 வரை கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா பரவி 11,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவரின் உடலிலிருந்து நோய் தொற்றும் என்பதால், உடல் முழுக்கக் கவசம் போட்டவர்கள் வந்து சடலத்தைப் பையில் கட்டி எடுத்துப்போனார்கள். கடைசியாக முகம் பார்க்கவும் வழியில்லை, குளிப்பாட்டவும் வழியில்லை. குடும்பங்கள் சடலங்களை ஒளித்துவைக்கத் தொடங்கின, இரவில் புதைத்தன. எத்தனை ஒலிபெருக்கி வைத்தும் பயனில்லை. மானுடவியலாளர்களும் ஊர்ப் பெரியவர்களும் இமாம்களும் பாதிரியார்களும் பேசிய பிறகு விதிமுறையே மாறியது. பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம் என்று 2014இன் இறுதியில் உலக சுகாதார நிறுவனம் புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது. குடும்பத்தார் தள்ளி நின்று பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம், என்ன சடங்கு வேண்டும் என்று முதலில் அவர்களைக் கேட்க வேண்டும். மாறியது ஊர் மட்டும் அல்ல, ஜெனீவாவில் எழுதிய தாளும்தான்.

இனி மருத்துவரின் அறைக்குள் போவோம். என் பேச்சின் கனமான பகுதி இங்கேதான்.

1984இல் அமெரிக்காவில் ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃபிராங்கல் என்ற இருவர் 74 மருத்துவச் சந்திப்புகளின் பதிவுகளை வரி வரியாகக் கேட்டார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடியில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார். வந்த குறையை முழுக்கச் சொல்லி முடித்தவர்கள் 23 சதவீதம்தான். குறுக்கிடப்பட்ட 52 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் விட்ட இடத்துக்குத் திரும்பி வந்து முடிக்க வாய்ப்புக் கிடைத்தது. சரி, பேசவிட்டால் விடிய விடியப் பேசுவார்களா? சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் லாங்கெவிட்ஸ் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில் மருத்துவர்களைக் குறுக்கிடாமல் காத்திருக்கச் சொல்லிப் பழக்கினார்கள். 335 நோயாளிகள். தாமாகப் பேசி முடிக்க அவர்கள் எடுத்துக்கொண்ட சராசரி நேரம் 92 வினாடி.

இந்த இரண்டு எண்ணையும் சொன்னால் நம் ஊர் மருத்துவர்கள் சிரிப்பார்கள், கசப்போடு. 67 நாடுகளை ஒப்பிட்டு 2017இல் வந்த ஆய்வின்படி, பொதுநல மருத்துவரோடு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் சுவீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 வினாடி. இந்தியாவில் சுமார் 2 நிமிடம். புற நோயாளிப் பிரிவில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது 92 வினாடி கேட்பது என்பது கிட்டத்தட்ட முழு நேரத்தையும் கொடுத்துவிடுவது. ஆகவே 'டாக்டர்கள் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்' என்று மேடையில் பேசிவிட்டுப் போவதில் எனக்கு விருப்பமில்லை. இங்கே பேச்சு எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வகுப்பில் மாணவர்களே நடித்துப் பதிவுசெய்து, எழுத்தில் இறக்கிய ஒரு பகுதியைப் படிக்கிறேன். உண்மை நோயாளியின் பேச்சு அல்ல. ஆனால் அரசு மருத்துவமனைக்குப் போய்வந்த எவருக்கும் அந்நியமாகவும் தோன்றாது.

மருத்துவர்: சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?

தாய்: ஒரு பத்து நாளா சார், இந்த நெஞ்சுல...

மகன்: அவங்களுக்கு எட்டு வருஷமா சுகர் இருக்கு சார். மாத்திரையே ஒழுங்கா போடறதில்ல.

மருத்துவர்: ஏம்மா போடறதில்ல?

தாய்: போடறேன் சார்.

மகன்: எங்க போடறீங்க? நேத்து ராத்திரி போட்டீங்களா?

(தாய் பேசவில்லை.)

மருத்துவர்: பழைய ரிப்போர்ட் கொண்டாந்திருக்கீங்களா?

மகன்: இருக்கு சார். இந்தாங்க.

பெக்மன், ஃபிராங்கல் கேட்ட கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். மருத்துவர் எத்தனையாவது வினாடியில் குறுக்கிட்டார்? அவர் குறுக்கிடவே இல்லை. 'சொல்லுங்கம்மா' என்று நன்றாகத்தான் தொடங்கினார். குறுக்கிட்டவர் மகன். 'நெஞ்சுல' என்று தொடங்கிய வாக்கியம் அப்படியே நின்றுவிட்டது. அந்த அம்மாவுக்கு நெஞ்சில் என்ன, வலியா, எரிச்சலா, படபடப்பா என்று யாருக்கும் தெரியாது. சர்க்கரை நோய் உள்ள பெண்ணுக்கு மாரடைப்பு வழக்கமான வலி இல்லாமலும் வரலாம் என்று மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். அந்தப் பாடம் இங்கே கைகொடுக்க ஒரு வாக்கியம் முடிந்திருக்க வேண்டும்.

உடனே மகனைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறான். எல்லா ரிப்போர்ட்டையும் பிளாஸ்டிக் பையில் தேதிவாரியாக அடுக்கி எடுத்து வந்திருக்கிறான். நேரம் இரண்டு நிமிடம்தான் என்று அவனுக்குத் தெரியும். அதற்குள் முக்கியமானதைச் சொல்லிவிட வேண்டும் என்று பதறுகிறான். அம்மாவுக்கு ஓ.பி. சீட்டு வாங்கியது முதல் ஸ்கேன் அறையைக் கண்டுபிடித்தது வரை அவன்தான். அவன் இல்லாவிட்டால் அந்த அம்மா மருத்துவமனைக்கே வந்திருக்க மாட்டார். செவிலியர் கேட்கும் முதல் கேள்வியே 'கூட யார் வந்திருக்கீங்க?' என்பதுதானே. ஆள் இல்லையென்றால் சில சமயம் சேர்க்கவே தயங்குகிறார்கள்.

மேலைப் பாடநூல்களில் கூட வருபவர் பெரும்பாலும் பின்பகுதியில் ஓர் அத்தியாயம். குழந்தை நோயாளி, மொழிபெயர்ப்பாளர், வயோதிகர் என்று தனி வகைகள். இங்கே அவர் முதல் அத்தியாயத்திலேயே இருக்க வேண்டும். அவரை வெளியே அனுப்புங்கள் என்று சொல்வது தீர்வாகாது. மருத்துவர் மகனைப் பார்த்து, 'தம்பி, இருங்க, அம்மா முதல்ல சொல்லட்டும், அப்புறம் நீங்க விட்டதைச் சொல்லுங்க' என்றால் இருவருக்கும் முறை வந்துவிடுகிறது. செலவு ஐந்து வினாடி. இப்படி ஒரு வாக்கியம் நம் மருத்துவமனைகளில் வேலை செய்கிறதா, எந்த வயதினரிடம், ஆண் மருத்துவர் சொன்னால் எப்படி, பெண் மருத்துவர் சொன்னால் எப்படி என்பது அருமையான முதுகலை ஆய்வுப் பொருள். குறும்படத்தைவிடக் கடினமானதும்கூட.

கெட்ட செய்தி சொல்வதிலும் இந்தக் கூட வந்தவர் நிற்கிறார். பெயில், பக்மன் முதலியோர் 2000இல் வகுத்த ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறை உலகம் முழுக்கக் கற்பிக்கப்படுகிறது. அதில் மூன்றாம் படி, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியையே கேட்பது. இங்கே முதல் படிக்கு முன்னாலேயே வராந்தாவில் மகள் மருத்துவரை மடக்கிவிடுவாள்: 'அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாரு.' அப்பா படுக்கையிலிருந்து எதிர்ச் சுவரில் உள்ள பலகையைப் படித்துக்கொண்டிருப்பார். அதில் புற்றுநோய்ப் பிரிவு என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்துக் கட்டில்காரர் தம் கதையை ஏற்கெனவே சொல்லியிருப்பார். மகளுக்காக அப்பா தெரியாததுபோல் இருப்பார், அப்பாவுக்காக மகள் அழாததுபோல் இருப்பாள்.

இதைப் பார்த்து, நோயாளியின் உரிமை பறிபோகிறது என்று ஒரு கட்சியும், இது நம் பண்பாடு என்று இன்னொரு கட்சியும் கட்டுரை எழுதலாம். இரண்டும் சுலபம். செய்து பார்க்க வேண்டியது வேறு. பயாப்ஸிக்கு அனுப்பும்போதே, முடிவு வராத நிலையிலேயே, 'ரிசல்ட் வந்ததும் உங்ககிட்டயே பேசட்டுமா, பொண்ணையும் வெச்சுக்கிட்டுப் பேசட்டுமா?' என்று அவரையே கேட்டுவிட்டால் என்ன ஆகும்? அப்போது கேட்பதில் பயமும் குறைவு. மகளிடம் பேசச் சொல்லும் அப்பாக்களும் நிறைய இருப்பார்கள். அதுவும் அவருடைய முடிவுதான்.

இதற்கெல்லாம் மாணவருக்கு என்ன பயிற்சி வேண்டும்? முதலில், பேச்சைப் பதிவுசெய்து எழுத்தில் இறக்கும் பயிற்சி. உரையாடல் பகுப்பாய்வு என்ற துறை பிறந்த இடமே ஒரு தொலைபேசி உதவி மையம்தான். 1960களில் லாஸ் ஏஞ்சல்ஸில் தற்கொலைத் தடுப்பு மையத்துக்கு வந்த அழைப்புகளை ஹார்வி சாக்ஸ் என்ற இளைஞர் கேட்டுக்கொண்டிருந்தார். அழைத்தவர்கள் பெயர் சொல்லவில்லை என்பது மையத்தின் கவலை. ஓர் அழைப்பில், எடுத்தவர் தம் பெயரைச் சொல்லி எப்படி உதவட்டும் என்றதும் எதிர்முனையில் 'சரியாகக் கேட்கவில்லை' என்று பதில். பெயரைத் திரும்பச் சொல்கிறார், எதிர்முனை அந்தப் பெயரை மட்டும் திருப்பிச் சொல்கிறது. சாக்ஸுக்குப் பொறி தட்டியது. நீ பெயர் சொன்னால் நான் என் பெயர் சொல்ல வேண்டும் என்ற முறையிலிருந்து நழுவ, காது கேட்காதது ஒரு வழி. அழைத்தவர் பெயரைச் சொல்ல மறுக்கவே இல்லை, ஆனால் சொல்லவும் இல்லை. இவ்வளவு நுட்பம் ஓர் 'என்ன சொன்னீங்க?'வில் இருக்கிறது. சென்னையில் 1986 முதல் சினேகா இயங்குகிறது. அரசின் 104 உதவி எண்ணும் இருக்கிறது. ரகசியம் காக்க வேண்டிய அழைப்புகள் அவை, தொட முடியாது, தொடவும் கூடாது. ஆனால் அங்கே பணிபுரிகிறவர்களோடு உட்கார்ந்து, முதல் அரை நிமிடத்தை எப்படி நடத்துகிறீர்கள் என்று கற்றுக்கொள்ள முடியும்.

பதிவு என்றால் ஒப்புதல் வேண்டும். அறநெறிக் குழு அனுமதி இல்லாமல் வார்டில் செல்போனை நீட்டும் மாணவரைத் துறையே தடுக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதுவதே ஒரு பருவப் பாடம் ஆகும் அளவு வேலை. படித்துப் பாருங்கள், பல படிவங்களில் உள்ள தமிழ் எந்தத் தமிழரும் பேசாதது. படித்துக் காட்டி, 'இப்போ நான் சொன்னதை நீங்க உங்க வாயால சொல்லுங்க' என்று கேட்டுச் சரிபார்க்கும் பழக்கம் எத்தனை இடத்தில் இருக்கிறது?

இரண்டாவது, இடம். 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, தொடர்பு ஆகியவற்றுக்கென்று ஏட்காம் என்ற பகுதி சேர்க்கப்பட்டிருக்கிறது. நல்லது. ஆனால் அதை நடத்துவது மருத்துவர்களே, மருத்துவர்களுக்கே. தொடர்பியல் துறை சாலைக்கு அந்தப் பக்கம் குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. இரு தரப்பும் ஒரே பதிவை ஒரே மேசையில் கேட்டால் பாதி வேலை முடிந்தது. மாணவர் மருத்துவரின் அறையோடு நின்றுவிடவும் கூடாது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். அந்த அம்மா மாத்திரை ஏன் போடவில்லை என்ற உண்மை அங்கே, திண்ணையில், மகன் வேலைக்குப் போன பிறகு வெளிவர வாய்ப்பு அதிகம். போட்டால் மயக்கம் வருகிறது, சாப்பாடு நேரத்துக்கு இல்லை, சர்க்கரை குறைந்தது போலிருக்கிறது, அதனால் பாதி போட்டேன் என்று காரணம் ஏதாவது இருக்கும்.

கடைசியாக, பெற்றோர் கேட்கும் கேள்வி: இதைப் படித்தால் என்ன வேலை? ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான அவருடைய பெற்றோர் தானம் தந்த பிறகு தமிழ்நாட்டில் உறுப்புதானத் திட்டம் வேகம் பிடித்தது. அந்தத் திட்டத்தைத் தாங்கி நிற்பவர்களில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர்கள் முக்கியமானவர்கள். சென்னையில் 1997இல் தொடங்கிய மோகன் அறக்கட்டளை இவர்களைப் பயிற்றுவிக்கிறது. விபத்தில் மூளைச்சாவு அடைந்த பிள்ளையின் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவது இவர்கள் வேலை. மார்பு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது, இறந்துவிட்டான் என்று எப்படி நம்புவது? அதனால் இறப்பை மருத்துவர் முதலில் சொல்லி, அதை அவர்கள் ஏற்றுக்கொள்ளும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் தானத்தைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும் என்பது இத்தொழிலின் அடிப்படை விதி. அங்கேயும் தனி ஆள் இல்லை. தாய், தந்தை, தாய்மாமன், ஊரிலிருந்து வேனில் வந்த இருபது பேர். முடிவெடுப்பவர் யார் என்று கண்டுகொள்ளவே திறமை வேண்டும். பெரும்பாலும் சுவரோரம் பேசாமல் நிற்கிறவராக இருப்பார். இந்தத் திறமையைக் கற்றுத்தர எந்தப் பல்கலைக்கழகத்திலாவது நிரந்தரப் பாடம் இருக்கிறதா என்று துணைவேந்தர் அலுவலகம் விசாரித்துப் பார்க்கட்டும்.

பாடத்திட்டக் குழுவினர் இந்த அவையில் இருக்கிறார்கள் என்பதால் என் கோரிக்கையை நேராகவே வைக்கிறேன். நான்காம் பருவத்தில் குறும்படத் திட்டப்பணிக்கு ஒதுக்கியிருக்கும் மதிப்பெண்ணில் பாதியை உரையாடல் பதிவுக்கும் அதன் எழுத்துப்படிக்கும் மாற்றுங்கள். ஆய்வேட்டைத் தமிழில் எழுத அனுமதியுங்கள். நோயாளி பேசிய தமிழை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தால்தான் மதிப்பெண் என்ற விதியை நீக்குங்கள். மருத்துவக் கல்லூரி முதல்வரோடு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுங்கள். அதற்கான வரைவை எழுதி எடுத்து வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் துறைத் தலைவரிடம் தருகிறேன்.